பாட்டனார் கதையும் பேரனார் படமும்

முன்னோர் தம் வழித்தோன்றல்களுக்கு விட்டுச்செல்லும் செல்வங்கள் பலவாகும். வீடு, நிலம், பொன், தொழில் என அவற்றை வரிசைப்படுத்தலாம். இவற்றுள் எதுவும் என்றும் நிலைத்திருப்பதன்று. ஒரு தலைமுறையின் முயற்சியால் சேர்ந்தது அடுத்த தலைமுறையின் நோயாலோ கடனாலோ கரைந்து போதலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். வங்கத்தில் புகழ்பெற்ற குடும்பம் ஒன்றிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அக்குடும்பத்தின் அச்சகம் பிறர் கைக்குச் சென்றது. பெரிய வீடும் கைவிட்டுப் போயிற்று. ஆனால், பாட்டனார் சிறுவர்களுக்காக எழுதிய மாயக்கதை ஒன்று மட்டும் எஞ்சி நின்றது. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின் அவருடைய பேரர் அதனைத் திரைப்படமாக்கினார். பின்னர் அதற்கு ஒரு தொடர்ச்சியும் படைத்தார். கொள்ளுப்பேரர் மூன்றாவது படத்தை இயக்கினார். 'கூபி காயேன் பாகா பாயேன்' என்னும் அக்கதை ஏட்டிலிருந்து திரைக்குச் சென்ற வரலாற்றையே இக்கட்டுரையில் காணப் புகுகின்றோம்.

வங்காளிகளின் கதைக்குத் தமிழ்ச் சங்க மலரில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். கொல்கத்தாவில் வாழும் நம் இல்லங்களில் இவ்வினாவுக்கு விடை உண்டு. நம் பிள்ளைகள் அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து கூபி, பாகா பாடல்களைப் பாடுகின்றனர். நாம் நம் பாட்டியரிடம் கேட்ட கதைகளையோ அவர்கள் அறியார். இதனை எண்ணி வருந்துவோர் நம்மிடையே பலர். ஆயின், வருந்துவதற்கு முன், அண்டை வீட்டார் தம் கதையை எவ்வாறு காத்துக் கொண்டனர் என்று அறிந்துகொள்வது நன்றன்றோ?

பாட்டனாரும் அவர்தம் இதழும்

கதையின் ஆசிரியர் உபேந்திரகிஷோர் ரே சௌத்ரி. 1863ஆம் ஆண்டு, இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங் பகுதியில் பிறந்தவர். எழுத்து, ஓவியம், இசை, அச்சுக்கலை ஆகிய நான்கிலும் வல்லவர். ஒளிப்படத்தைச் சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் 'ஆஃப்டோன்' முறையில் அவர் செய்த ஆராய்ச்சிகள் இலண்டனில் வெளிவந்த 'பென்ரோஸ்' ஆண்டு மலரில் இடம்பெற்றன. கொல்கத்தாவில் இருந்துகொண்டே, மேலைநாட்டு வல்லுநர்கள் கூர்ந்து கவனிக்கும் வண்ணம் அவர் எழுதினார். யு. ரே அண்டு சன்ஸ் என்னும் அவருடைய நிறுவனம் அந்நாளில் தரமான அச்சுக்குப் பெயர் பெற்றிருந்தது.

இத்தகைய அறிவாளர் தம் முதிர்ந்த அறிவின் பெரும்பகுதியைச் சிறுவர்களுக்கே ஈந்தார். இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் சிறுவர்க்கேற்ற எளிய வங்காளத்தில் எழுதினார். நாட்டுப்புறங்களில் வழங்கிய கதைகளைத் தொகுத்தார். 1913ஆம் ஆண்டில் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் திங்களிதழைத் தொடங்கினார். சந்தேஷ் என்னும் சொல்லுக்கு வங்காளத்தில் இரு பொருள் உண்டு. செய்தி என்பது ஒன்று. நாம் அனைவரும் சுவைத்து மகிழும் பால் இனிப்பு மற்றொன்று. அறிவும் இனிமையும் ஒரே சொல்லில் அமைந்த பெயர் அது.

'கூபி காயேன் பாகா பாயேன்' கதை 1915இல் இவ்விதழில் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் உபேந்திரகிஷோர் மறைந்தார். அதாவது, தம் வாழ்வின் இறுதி ஆண்டில் அவர் குழந்தைகளுக்கு அளித்துச் சென்ற பரிசு இது.

கதையின் பொருள்

கதை எளிமையானது. கூபி என்பவன் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகன். அவனுக்குப் பாட்டின்மீது தணியாத ஆசை; குரலோ கேட்போர் காதைப் பொத்திக்கொள்ளும் தன்மையது. பாகாவுக்கு மேளம் கொட்டுவதில் ஆசை. அவன் கொட்டும் கொட்டும் அத்தகையதே. 'காயேன்' என்பது பாடுவோனையும் 'பாயேன்' என்பது வாத்தியம் வாசிப்போனையும் குறிக்கும் சொற்கள். கலை வராத இருவருக்குக் கலைஞர் பட்டம் சூட்டிய நகைச்சுவையிலேயே கதை தொடங்கிவிடுகின்றது.

இவர்தம் தொல்லை பொறுக்கமாட்டாத மக்கள் இருவரையும் விரட்டுகின்றனர். ஊரிழந்த இருவரும் காட்டில் ஒருவரை ஒருவர் கண்டு நண்பராகின்றனர். மனிதர் வெறுத்த அவர்தம் இசை, காட்டில் வாழும் பேய்களுக்குப் பெரிதும் பிடித்துப்போகின்றது. பேய்கள் வரம் தருகின்றன. உணவும் உடையும் நினைத்தபோது கிடைக்கும். நினைத்த இடத்திற்கு நொடியில் செல்லலாம். அவர்கள் பாடிக் கொட்டினால் கேட்போர் நின்ற இடத்தில் நின்று விடுவர். இவ்வரங்களின் துணையால் அவர்கள் அரசர்களின் பூசலில் புகுந்து வெற்றி காண்பதே எஞ்சிய கதை.

ஊரால் புறந்தள்ளப்பட்டவர்கள் வேற்று நிலத்தில் மதிப்புப் பெறுவதாக அமைந்த இக்கதை, பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு அயலாகத் தோன்றாது.

இடையில் நேர்ந்த இழப்பு

உபேந்திரகிஷோருக்குப்பின் அவர் மகன் சுகுமார் ரே 'சந்தேஷ்' இதழை நடத்தினார். பொருளற்றவை போல் தோன்றிப் பெருநகைப்பை விளைக்கும் பாடல்களால் வங்கத்துச் சிறுவர் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றவர் அவர். காலா அசார் என்னும் கொடுங்காய்ச்சல் அவரைப் பற்றியது. 1923 செப்டம்பரில், 36ஆம் அகவை நிறைவதற்கு முன்பே அவர் மறைந்தார். அவருடைய புகழ்பெற்ற பாடல் நூலாகிய 'ஆபோல் தாபோல்' அவர் இறந்த சில நாட்களில்தான் வெளிவந்தது. அப்போது அவர்தம் ஒரே மகன் சத்யஜித்துக்கு வயது இரண்டரை.

தலைவனை இழந்த நிறுவனம் சில ஆண்டுகளில் நொடித்துப்போயிற்று. கார்பார் சாலையில் பாட்டனார் கட்டிய வீட்டையும் அச்சகத்தையும் விட்டு, தாயும் சிறுவனும் பவானிப்பூரில் தாய்மாமன் இல்லத்தை அடைந்தனர். பேரர் தம் பாட்டனாரைக் கண்டதில்லை. அவர் பிறந்தது 1921இல், பாட்டனார் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின். தந்தையையும் நினைவறிந்து கண்டதில்லை. அவ்விருவரையும் அவர் அறிந்தது அவர்கள் எழுதியவற்றின் வழியாகத்தான்.

வளர்ந்து, விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றி, 1955இல் 'பதேர் பாஞ்சாலி' என்னும் முதற் படத்தால் உலகப் புகழ் எய்திய சத்யஜித் ரே, அப்புகழின் நடுவே 1961இல் செய்த செயல் ஒன்று குறிப்பிடத்தக்கது. கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து, நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' இதழை அவர் மீண்டும் தொடங்கினார். இழந்த வீட்டை மீட்க அவர் முயலவில்லை. நின்றுபோன இதழை மீட்டார். அவர்தம் துப்பறியும் கதைகளும் அறிவியல் கற்பனைக் கதைகளும் இவ்விதழுக்காகவே எழுதத் தொடங்கப்பெற்றன.

மகன் கேட்ட வரம்

1960களில் சிறுவனாயிருந்த மகன் சந்தீப், தந்தையிடம் ஒரு குறையைக் கூறினான். தந்தை எடுக்கும் படங்கள் யாவும் பெரியவர்களுக்கானவை, துயரம் மிக்கவை. தன்னைப் போன்றவர்கள் பார்ப்பதற்கு ஒரு படம் எடுக்கலாகாதா என்பதே அவன் வேண்டுகோள். அவ்வேண்டுகோளுக்கு விடை தேடிய தந்தையின் நினைவில் எழுந்தது பாட்டனாரின் கதை.

பேய்களும் படைகளும் ஒட்டகங்களும் நிறைந்த படத்திற்குப் பெரும்பொருள் வேண்டும். பொருள் இடுவோர் எளிதில் கிடைத்தாரில்லை. முடிவில் பூர்ணிமா பிக்சர்ஸ் நிறுவனத்தார் முன்வந்தனர். அப்போதும் முழுப் படத்தையும் வண்ணத்தில் எடுக்க இயலவில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்து, இறுதிக் காட்சியை மட்டும் வண்ணத்தில் அமைத்தனர். கூபியாகத் தபேன் சாட்டர்ஜியும் பாகாவாக ரபி கோஷும் நடித்தனர். ஷூண்டி, ஹல்லா என்னும் இரு நாட்டு அரசர்களாகவும் சந்தோஷ் தத்தா ஒருவரே தோன்றினார். கூபியின் பாடல்களை அனூப் கோஷால் பாடினார். பாடல்களை எழுதி இசையமைத்தவர் ரே அவர்களே. இராஜஸ்தானத்தின் ஜெய்சல்மேர்க் கோட்டை ஹல்லா நாடாயிற்று.

1969 மே மாதத்தில் வெளிவந்த இப்படம் 51 வாரங்கள் ஓடியது. சிறந்த படத்திற்கும் சிறந்த இயக்கத்திற்குமான தேசிய விருதுகளும் இதற்குக் கிடைத்தன. இந்நகரில் இப்பாடல்களை அறியாத, பாடாத குழந்தையே இல்லை எனும் பொருள்பட ரே ஒரு கடிதத்தில் வியந்து எழுதியுள்ளார்.

பேரர் செய்த மாற்றங்கள்

பாட்டனாரிடத்தில் பேரருக்கு இருந்த மதிப்பு பெரிது. ஆயினும், அவர் கதையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றவில்லை. கூபியின் ஊருக்கு ஆம்லகி என்றும் பாகாவின் ஊருக்கு ஹரீதகி என்றும் படத்தில் பெயர். இவை முறையே நெல்லியையும் கடுக்காயையும் குறிக்கும். சிரிப்பை மூட்டும் இச்சிறு குறும்புகளுக்கு அப்பால், கதையின் நடுப்பகுதிக்கே அவர் புதிய ஆழம் தந்தார்.

ஷூண்டி நாட்டில் படை இல்லை. கொள்ளை நோயால் பேச்சிழந்த மக்கள் அமைதியாக வாழ்கின்றனர். ஹல்லா நாட்டில் படை உண்டு, உணவில்லை. ஹல்லாவின் அரசர் இயல்பில் குழந்தையுள்ளம் படைத்தவர். சூழ்ச்சிக்கார அமைச்சன், மாயக்காரன் ஒருவன் காய்ச்சித் தரும் மருந்தைக் கொடுத்து அவரைக் கொடியவராக்கிப் போருக்குத் தூண்டுகின்றான். பட்டினியால் மெலிந்த வீரர்கள் ஒட்டகங்களில் ஏறிப் போருக்குப் புறப்படும் வேளையில் கூபியும் பாகாவும் தோன்றிப் பாடுகின்றனர். படை அசைவற்று நிற்கின்றது. பின்னர் அவர்கள் கையைத் தட்டியதும் வானத்திலிருந்து பானை பானையாக இனிப்புகள் இறங்குகின்றன. வீரர்கள் வேலையும் வாளையும் எறிந்துவிட்டு இனிப்பை நோக்கி ஓடுகின்றனர். போர் முடிந்தது!

இக்காட்சியைக் கண்டு சிறுவர்கள் சிரித்தனர். பெரியவர்களுக்கு அதில் வேறொன்றும் தெரிந்திருக்கும். 1962இலும் 1965இலும் நாடு போரைக் கண்டிருந்தது. 1966இல் வங்கத்தில் உணவுக்காகப் போராட்டங்கள் நடந்தன. பால் பற்றாக்குறை காரணமாக, 1965இல் மேற்கு வங்க அரசு பாலைத் திரித்துச் செய்யும் இனிப்புகளுக்கே தடை விதித்திருந்தது. அத்தகைய நகரத்தின் திரையில் இனிப்பு மழை பொழிந்ததென்றால், அது வெறும் மாயக்காட்சியாக மட்டுமா தோன்றியிருக்கும்? பசியைப் போக்கினால் பகை போகும் என்னும் கருத்து, அறிவுரையாக அன்றிப் பானைகளாக வந்து இறங்கிற்று.

மற்றொரு நுட்பத்தையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். உணவு வேண்டினும், பயணம் வேண்டினும், இரு நண்பரும் ஒருவர் கையோடு மற்றவர் கையைத் தட்டினால்தான் வரம் பலிக்கும். தனி ஒருவனுக்கு அது பயன்படாது. இரு கை தட்டினால்தான் ஓசை என்னும் நம் பழமொழி அங்கே கண்முன் நிகழ்கின்றது.

பேய்களின் ஆட்டமும் தென்னாட்டுத் தாளமும்

இப்படத்திற்கும் தமிழருக்கும் உண்மையானதோர் உறவு உண்டு. பேய்கள் ஆடின என்று கதையில் சுருங்க உரைக்கப்பட்ட செய்தியை, ரே ஆறு நிமிடங்களுக்கு மேல் நீளும் பெரும் ஆட்டமாக விரித்தார். பேய்களை நான்கு கூட்டமாக வகுத்தார். அரசர்கள் ஒரு கூட்டம். உழவரும் எளியோரும் ஒரு கூட்டம். வெள்ளைக்காரத் துரைமார் ஒரு கூட்டம். தொந்தி பெருத்த செல்வரும் சமயத் தலைவர்களும் ஒரு கூட்டம். வங்க மண்ணில் வாழ்ந்து மடிந்தவர்களே அங்குப் பேய்களாயினர் என்பது கருத்து.

இந்நால்வகைப் பேய்களுக்கு எந்த இசையை அமைப்பது? பேய்களின் ஆட்டத்திற்குப் பண்ணோ பாட்டோ பொருந்தாது என்று ரே எண்ணினார். தாளம் மட்டும் போதும் என்று முடிவு செய்தார். தாளத்தை மட்டுமே கொண்டு ஒரு முழுக் கச்சேரியை நடத்தும் மரபு எங்குள்ளது என்று தேடிய அவர் கண்டது தென்னாட்டின் தாளவாத்தியக் கச்சேரியை! அரசப் பேய்களுக்கு மிருதங்கம், உழவப் பேய்களுக்குக் கஞ்சிரா, துரைமார் பேய்களுக்குக் கடம், பருத்த பேய்களுக்கு மோர்சிங் என அவர் பகுத்தளித்தார். செவ்வியல் பெருமை வாய்ந்த மிருதங்கம் அரசர்க்குப் பொருந்திற்று. நாட்டுப்புற மணம் கமழும் கஞ்சிரா உழவர்க்குப் பொருந்திற்று. கடத்தின் இறுகிய ஓசை துரைமாரின் விறைத்த நடைக்கு இசைந்தது. மோர்சிங்கின் வேடிக்கையான அதிர்வு தொந்தியர் குலுங்குவதற்கு இசைந்தது.

ஆட்டம் மெல்லத் தொடங்கி விரைகின்றது. நாற்கூட்டத்தாரும் தத்தமக்குள் பூசலிட்டு மடிகின்றனர். இறுதியில் ஒருவர்மேல் ஒருவராக நான்கு அடுக்குகளில் நின்று ஒத்து ஆடுகின்றனர். சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வெளியே செல்லும் நம்மவர் சிலர் உண்டு. அத்தாளத்தின் ஆற்றலை உணர்ந்து, வங்கத்துச் சிறுவர் அனைவரையும் கேட்கச் செய்தவர் ஒரு வங்காளியார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

தென்னாட்டுக் கலைகளிடத்து ரே கொண்டிருந்த ஈடுபாடு இப்படத்தோடு நின்றுவிடவில்லை. இளமையில் கொல்கத்தாவில் பாலசரஸ்வதி அம்மையாரின் ஆடலைக் கண்டு வியந்த அவர், 1976இல் அவரைப் பற்றி 'பாலா' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். அதனைத் தயாரித்ததில் தமிழக அரசுக்கும் பங்கு உண்டு.

தம் பாட்டனாரின் வங்காளக் கதைக்குப் பிறர் இசையைக் கொணர்வதில் ரே தயக்கம் காட்டவில்லை. அதனால் கதையின் வங்காளத் தன்மை குன்றியதா எனின், இல்லை. இன்று அக்காட்சியைக் காணும் வங்காளிகள் அதனைத் தம்முடையதாகவே கருதுகின்றனர்.

வைர ராஜாவின் நாடு

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1980 டிசம்பரில் தொடர்ச்சிப் படம் வெளிவந்தது. 'ஹீரக் ராஜார் தேஷே' என்பது பெயர். 'வைர ராஜாவின் நாட்டில்' என்று பொருள்படும். இதனைத் தயாரித்தது மேற்கு வங்க அரசு. இம்முறை முழுப் படமும் வண்ணத்தில் அமைந்தது.

பாட்டனார் கதையில் இதற்கு மூலம் இல்லை. கூபி, பாகா என்னும் இருவரையும் அவர்தம் வரங்களையும் மட்டுமே எடுத்துக்கொண்டு, கதை முழுவதையும் ரே தாமே புனைந்தார். அரசரின் மருமக்களாகிப் பத்தாண்டுகள் சுகமாக வாழ்ந்து சலித்துப்போன இருவரும் வைர நாட்டின் விழாவிற்கு அழைக்கப்படுகின்றனர். அங்கே சுரங்கத்தில் வைரம் குவிகின்றது; வெட்டியெடுக்கும் தொழிலாளிக்கோ வயிறு நிறையவில்லை. வரி கட்ட இயலாத உழவனும், கூலி கேட்கும் தொழிலாளியும் அரண்மனையின் 'ஜந்தர் மந்தர்' அறைக்குள் தள்ளப்படுகின்றனர். அங்குள்ள பொறி அவர்கள் மூளையைக் கழுவி, அரசரைப் புகழும் எதுகைச் சொற்களை ஏற்றி அனுப்புகின்றது. பள்ளிக்கூடம் மூடப்படுகின்றது, நூல்கள் எரிக்கப்படுகின்றன. கற்றவன் அடங்கமாட்டான் என்பது அரசரின் அச்சம்.

அரசராக உத்பல் தத்தும், ஆசிரியர் உதயன் பண்டிதராகச் சௌமித்ர சாட்டர்ஜியும் நடித்தனர். அவ்வரசவையில் அனைவரும் எதுகை மோனையோடு பேசுகின்றனர். ஆசிரியர் மட்டும் இயல்பான உரைநடையில் பேசுகின்றார். இவ்வொரு நுட்பத்தாலேயே, பிறர் புகட்டியதைப் பேசுவோர் யார், தாமாக எண்ணிப் பேசுவோர் யார் என்பது சிறுவர்க்கும் விளங்கிவிடுகின்றது.

விழாவுக்கு வரும் விருந்தினர் கண்ணில் படாதவாறு ஏழை மக்கள் ஓரிடத்திலிருந்து துரத்தப்படும் காட்சியும் படத்தில் உண்டு. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நாட்டில் நெருக்கடி நிலை நடப்பிலிருந்தது. 1976இல் தில்லியின் துருக்மான் கேட் பகுதியில் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு மக்கள் அகற்றப்பட்டனர். இக்காட்சி அந்நாளைய நிகழ்ச்சிகளின் நேரடிச் சாயலே என்று ரே பின்னர் ஒரு நேர்காணலில் ஒளிவுமறைவின்றிக் கூறினார். மாயக்கதை என்னும் போர்வை இருந்தமையால், வேறு வகைப் படத்தில் சொல்லத் தயங்குவதைத் துணிந்து சொல்ல முடிந்தது என்பதும் அவர் கருத்து.

இறுதிக் காட்சி நெஞ்சை விட்டு அகலாதது. கூபியும் பாகாவும் அரசரையும் அமைச்சர்களையும் அதே மூளை கழுவும் அறைக்குள் செலுத்துகின்றனர். ஆசிரியரும் மாணவரும் மக்களும் கயிறு பூட்டி அரசரின் மாபெரும் சிலையை இழுக்கின்றனர். மூளை கழுவப்பெற்ற அரசரும் ஓடிவந்து கயிற்றைப் பற்றித் தம் சிலையைத் தாமே சாய்க்கின்றார்! தண்டனை என்று ஒன்றும் இல்லை, குருதி சிந்தவில்லை. சிறந்த வங்காளப் படம், இசையமைப்பு, ஆண் பின்னணிக் குரல் ஆகியவற்றுக்கான தேசிய விருதுகளை இப்படம் பெற்றது. இதில் வரும் எதுகைத் தொடர்கள் இன்றும் வங்க அரசியல் மேடைகளிலும் சுவர் எழுத்துகளிலும் எடுத்தாளப்படுகின்றன.

மூன்றாவது படமும் அதன்பின்னும்

1990களின் தொடக்கத்தில் 'கூபி பாகா பிரே எலோ' என்னும் மூன்றாவது படம் தோன்றியது. 'கூபியும் பாகாவும் திரும்பி வந்தனர்' என்பது பொருள். கதையும் இசையும் தந்தையுடையவை. இயக்கியவர், முன்னொரு நாள் சிறுவனாய் வந்து படம் கேட்ட அதே சந்தீப் ரே. நண்பர் இருவருக்கும் இப்போது முதுமை நெருங்கிவிட்டது. இழந்த இளமையை மீட்டுத் தருவதாக ஆசை காட்டும் மந்திரவாதி ஒருவன், அதற்கு ஈடாக மணிகளைத் திருடித் தருமாறு கேட்கின்றான். அவர்கள் அதற்கு இணங்கித் தவறிழைத்து, பின் தம் பிழை உணர்ந்து திருந்துகின்றனர்.

முதற்படத்தில் போர், இரண்டாம் படத்தில் கொடுங்கோன்மை. மூன்றாவதில் மனிதனின் தனிப்பட்ட ஆசை. பொருள் சிறியதன்று. எனினும், முன்னிரண்டு படங்களும் மக்கள் நெஞ்சில் ஊன்றிய அளவு இது ஊன்றவில்லை என்பது நம் கருத்து. முதல் இரண்டும் நாட்டின் கண்முன் நின்ற துன்பத்தைச் சிறுவர் மொழியில் வினவின. மூன்றாவது, பழைய அன்பர்களை மீண்டும் காணும் மகிழ்ச்சியை நம்பி நின்றது. வரங்கள் மூன்றும் வந்தன. ஆனால், அவ்வரங்களுக்கு அன்றைய உலகில் என்ன வேலை என்னும் வினா அத்துணை வலுவுடன் எழவில்லை. 1992 ஏப்ரல் 23ஆம் நாள் சத்யஜித் ரே மறைந்தார். பாகாவாக நடித்த ரபி கோஷ் 1997இலும், கூபியாக நடித்த தபேன் சாட்டர்ஜி 2010இலும் மறைந்தனர்.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. ஷில்பா ரானடே என்னும் இயக்குநர் இதனை இந்தியில் கார்ட்டூன் படமாக்கினார். 2013இல் உலகத் திரைப்பட விழாவில் காட்டப்பெற்ற அப்படம் 2019இல் திரையரங்குகளுக்கு வந்தது. ரே குடும்பத்திற்கு வெளியே, வங்காள மொழிக்கும் வெளியே கதை நடைபோடத் தொடங்கிவிட்டது.

நாம் கொள்ளத்தக்கது

நூறாண்டு கடந்த இவ்வரலாற்றில் நாம் கொள்ளத்தக்கவை சில உண்டு.

முதலாவது, கதை மீண்டெழுந்தது ஒரு சிறுவன் கேட்டதனால். எனக்கென்று ஒரு கதை இல்லையா என்று அவன் கேட்டபோது, தந்தை தமக்கு நேரமில்லை என்று கூறவில்லை. உலகமெங்கும் விழாக்களுக்கு அழைக்கப்பெற்ற அவரினும் நமக்கு அலுவல் மிகுதி என்று சொல்லல் பொருந்துமா?

இரண்டாவது, ஒவ்வொரு தலைமுறையும் கதையைத் தன் காலத்துக்கு ஏற்றவாறு திருத்திச் சொன்னது. நாமோ, நம் கதைகளைப் பிழையின்றி நல்ல தமிழில் சொல்ல இயலவில்லையே என்னும் கூச்சத்தால் சொல்லாமலே விட்டுவிடுகின்றோம். பணி நிமித்தமாக மாநிலம் விட்டு மாநிலம் மாறும் குடும்பங்களில், பிள்ளையின் தமிழ் வீட்டுத் தமிழாக மட்டும் நின்றுவிடுகின்றது. எழுத்து எட்டாமற் போகின்றது. அதனைக் காரணம் காட்டிக் கதையையும் நிறுத்திவிட்டால், எஞ்சியிருப்பதையும் இழப்போம். பாதித் தமிழும் பாதி வங்காளமுமாகக் கேட்கும் பிள்ளைக்கு, அவ்வாறே சொன்னால்தான் என்ன குறை? மரியாதைராமன் வழக்குத் தீர்த்த மரத்தடியை லேக் மார்க்கெட்டின் முற்றத்துக்கு மாற்றிச் சொன்னால் மரியாதைராமன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது, பிறரிடமிருந்து கொள்வதில் நாணம் வேண்டுவதில்லை. வங்காளப் பேய்கள் நம் கஞ்சிராவுக்கும் கடத்துக்கும் ஆடின. நம் கதைகள் இம்மண்ணின் மேளத்துக்கு ஆடினால் அவை தமிழ்க் கதைகள் அல்லாமற் போய்விடா.

ஒரு குழந்தையும் இழந்துவிட்டதாக அறியாத ஒரு கதையை, இழந்தபின் தேடித் தருதல் கடினம். ஆகவே, இன்றிரவு நம் பிள்ளைகள் கூபி, பாகா படத்தைப் பார்ப்பதாயின் நாமும் அவர்கள் அருகில் அமர்ந்து பார்ப்போம். பேய்கள் ஆடும் காட்சி வரும்போது, அங்கே ஒலிப்பது நம் ஊர்க் கடம் என்று சொல்லுவோம். 'கடம் என்றால் என்ன?' என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். சொல்லத் தொடங்குதற்கு அவ்வொரு வினா போதும்.